காதில் தொங்கும் கணக்கு

இந்த இதழுக்கு 'பழங்கால கிரேக்க, ரோமப் பெண்களின் காதணிகள்' பற்றி எழுதப் போறேன்னு சொன்னவுடன் எடிட்டர் குழுவில் ஒருத்தர் சிரித்துவிட்டார். "ஏழாவது செமஸ்டர் மெக்கானிக்கலுக்கும் கம்மலுக்கும் என்ன சம்பந்தம்?" சம்பந்தம் என் பர்ஸில் நாலாக மடித்து வைத்திருக்கிற ஒரு ரசீதில் இருக்கிறது. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இந்த வருஷ ஃபீஸ் கட்ட அம்மாவோட தோட்டை அடகு வைக்க நானும் கூடப் போனேன். கவுன்டரில் உட்கார்ந்திருந்த மதிப்பீட்டாளர் அதை உரைகல்லில் ஒரு கோடு இழுத்தார், ஆசிட் ஒரு சொட்டு விட்டார், தராசில் போட்டார். ரசீதில் எழுதியது இதுதான்: கல் தோடு, 1 ஜோடி, மொத்த எடை 7.900 கிராம், கல்லுக்கும் அழுக்குக்கும் கழிவு போக நிகர எடை 6.300. அம்மா வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு மரத்தடியில நின்னு, கைப்பையில் இருந்து ரெண்டு ஈர்க்குச்சி எடுத்து காது ஓட்டையில் செருகிக்கொண்டார். வீட்டிலேயே ஒடித்து எடுத்து வந்திருக்கிறார். எனக்கு அதுதான் இன்னும் மனசுல நிக்குது. கடன் கிடைக்குமான்னு நான் கவலைப்பட்டுக்கிட்டிருந்தேன், அவங்க ஓட்டை தூர்ந்துடக்கூடாதுன்னு முன்னாடியே யோசிச்சிருக்காங்க.

அந்த வாரம் லைப்ரரியில் வேறு ஏதோ தேடும்போது ரோமாபுரி எழுத்தாளர் பிளினியைப் பற்றிப் படித்தேன். கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். 37 பகுதி கொண்ட 'இயற்கை வரலாறு' என்ற பெரிய தொகுப்பை எழுதியவர். அதில் ஒரு பெண் வருகிறாள், பெயர் லோலியா பாலினா. நடுத்தரமான ஒரு நிச்சயதார்த்த விருந்துக்கு அவள் வந்ததைத் தானே பார்த்ததாக பிளினி சொல்கிறார். தலை, கூந்தல், காது, கழுத்து, விரல் என்று எல்லா இடத்திலும் மரகதமும் முத்தும் மாறி மாறி. மொத்த மதிப்பு 4 கோடி செஸ்டர்ஸ். யாராவது சந்தேகப்பட்டால் காட்ட, வாங்கியதற்கான ஆவணங்களையும் தயாராக வைத்திருந்தாளாம்.

பில்! இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி, பில்லோடு விருந்துக்கு வந்த ஒரு பொம்பளை. என் பர்ஸில் இருந்த ரசீது ஞாபகம் வந்தது. இந்தக் கட்டுரை அங்கேதான் பிறந்தது.

முதலில் அந்த 4 கோடி எவ்வளவு என்று பார்ப்போம். அகஸ்டஸ் காலத்து ரோமானியக் காலாட்படை வீரனுக்கு வருஷச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். வகுத்துப் பாருங்க. சுமார் 44,000 வீரர்களின் ஒரு வருஷச் சம்பளம் ஒருத்தி உடம்பில் இருந்திருக்கிறது. எரிச்சலோடு பிளினி எழுதிய இன்னொரு கணக்கும் இருக்கிறது: இந்தியா, சீனா, அரேபியா மூன்றும் சேர்ந்து வருஷத்துக்கு 10 கோடி செஸ்டர்ஸை ரோமிலிருந்து உறிஞ்சுகின்றனவாம், காரணம் நம்ம ஆடம்பரமும் நம்ம பெண்களும்தானாம். 'நம்ம பெண்கள்' என்று அவர் பல்லைக் கடிக்கும்போது, அந்தக் காசு வந்து இறங்கிய கரைகளில் ஒன்று நம்ம கடலூர்க் கரை.

கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ் பிடித்தால் அரியாங்குப்பம் தாண்டுவீர்கள். அங்கே ஆற்றோரம் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார், 1947 முதல் 1950 வரை பிரெஞ்சுக்காரர் கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழு. ரோமானிய மது ஜாடித் துண்டுகள், இத்தாலியச் சிவப்புப் பளபளப்புப் பாத்திரங்கள் எல்லாம் கிடைத்தன. பாடப் புத்தகத்தில் நாம் படித்தது அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது வேறு: அங்கே கிடைத்த மணிகளில் பாதி வேலை முடிந்தவை, துளையிடும்போது உடைந்தவை, கழித்துப் போட்ட கல் சில்லுகள். அதாவது அது வெறும் குடோன் இல்லை, ஒர்க்‌ஷாப். வீலர் அதை ரோமானிய வணிகத் தலம் என்று எழுதினார். பின்னால் வந்தவர்கள் மண் அடுக்குகளைப் பார்த்து, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது என்று காட்டினார்கள். கஸ்டமர் வந்ததால் கடை பிறக்கவில்லை.

இன்னும் தெற்கே வாங்க. கடலூர் சிப்காட் பக்கத்தில் காரைக்காடு, குடிகாடு. அங்கேயும் அதே காலத்துப் பானை ஓடுகளும் மணிகளும் கிடைத்திருக்கின்றன. பரங்கிப்பேட்டை பக்கம் போனால் மணிக்கொல்லை. பெயரைப் பிரிச்சுப் பாருங்க: மணி விளையும் கொல்லை! கண்ணாடி மணிகளும் மணி செய்த கழிவுகளும் நிலத்திலேயே கிடந்த ஊர். 2025-ல் தமிழக அரசு அறிவித்த அகழாய்வு இடங்களின் பட்டியலில் மணிக்கொல்லையும் உண்டு. சிதம்பரத்தில் நாலு வருஷம் குப்பை கொட்டுகிற நம்மில் எத்தனை பேருக்கு அந்த ஊர் தெரியும்? எனக்கும் போன வருஷம் வரைக்கும் தெரியாது.

சரி, இப்போ கிரேக்கத்துக்குப் போகலாம். ரோமானியர்களுக்கு முன்னாடி நகை வேலையில் கெட்டி அவர்கள்தான்.

கிரேக்கக் காதணியில் தங்க வேலைதான் ஹீரோ, கல் அதிகம் இருக்காது. படகு வடிவம், வட்டத் தகட்டுக்குக் கீழே தொங்கல், சின்னச் சிறகு முளைத்த ஈரோஸ் உருவம், அலெக்சாண்டர் காலத்துக்குப் பிறகு சிங்கத் தலை வைத்த வளையம். ஹோமரின் இலியட் காவியத்தில் ஹீரா தேவி அலங்காரம் செய்துகொள்ளும்போது மூன்று மூன்று தொங்கல் வைத்த காதணி போடுகிறாள். அலெக்சாண்டர் பாரசீகக் கருவூலத்தைக் கைப்பற்றியதும் கிரேக்க உலகத்தில் தங்கம் ஏராளமாகப் புழங்கியது, நகைகளும் பெருகின. அங்கே காது குத்துவது பெண்களுக்கு மட்டும். செனபோன் என்ற படைத்தலைவர் எழுதிய குறிப்பில் ஒரு தமாஷ் உண்டு. படையில் ஒருத்தன் எல்லாவற்றுக்கும் எதிர்ப் பேச்சு பேசுகிறான். இன்னொருத்தன் எழுந்து, "இவன் கிரேக்கனே இல்லை, ரெண்டு காதும் குத்தியிருக்கு, பாருங்க" என்கிறான். பார்த்தார்கள், குத்தியிருந்தது, துரத்திவிட்டார்கள். நம்ம ஊரில் காது குத்தாத பையனுக்குத்தான் தாய்மாமன் வீட்டிலிருந்து ஃபோன் வரும்.

இப்போ நம்ம டிபார்ட்மென்ட் விஷயம். கிரேக்க, எட்ரூரிய நகைகளின் மேல் கடுகைவிடச் சின்ன தங்க உருண்டைகள் வரிசையாக ஒட்டியிருக்கும். சிலது 0.2 மில்லிமீட்டர்தான். உருண்டை செய்வது சுலபம்: தங்கக் கம்பியைப் பொடிப்பொடியாக வெட்டி, கரித்தூளுக்குள் வைத்துச் சூடாக்கினால், உருகும்போது பரப்பு இழுவிசையே அதை உருட்டிவிடும். கஷ்டம் ஒட்டுவதில். சாதாரணப் பற்றாசு வைத்தால் அது உருகி உருண்டைகளுக்கு நடுவே வழிந்து எல்லாம் ஒரே கட்டியாகிவிடும். ஆனால் பழைய நகையில் ஒவ்வொரு உருண்டையும் ஊசி முனை அளவு இடத்தில் மட்டும் ஒட்டி நிற்கிறது. எப்படி?

ஐரோப்பாவில் இந்த வித்தை மறந்துபோய், 19-ம் நூற்றாண்டு முழுக்க நகைக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1930-களில் இங்கிலாந்தில் லிட்டில்டேல் என்பவர் ஒரு விடையைக் கண்டார். தாமிர உப்பைப் பசையோடு குழைத்து, அந்தப் பசையால் உருண்டையைத் தகட்டில் ஒட்ட வேண்டும். பிறகு சூடாக்க வேண்டும். தாமிர உப்பு தாமிர ஆக்சைடாகிறது, பசை கருகி கார்பனாகிறது, கார்பன் அந்த ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. மிச்சம் இருப்பது சுத்தமான தாமிரம், அதுவும் உருண்டை தகட்டைத் தொடுகிற இடத்தில் மட்டும். சுத்தத் தங்கம் உருக 1064 டிகிரி செல்சியஸ் வேண்டும். தாமிரம் கலந்த தங்கம் 900 டிகிரியை ஒட்டியே உருக ஆரம்பித்துவிடும். ஆக, தொடுகிற புள்ளி மட்டும் உருகி ஒட்டுகிறது, உருண்டையும் தகடும் அப்படியே இருக்கின்றன. செகண்ட் இயரில் ஃபேஸ் டயக்ராம் படித்தபோது 'இதெல்லாம் எங்க உதவப் போகுது'ன்னு கேட்டவங்க கை தூக்குங்க. நான் ரெண்டு கையும் தூக்கறேன்.

இதை எங்கள் தெரு ஆசாரி தாத்தாவிடம் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி விளக்கினேன். அவர் ஊதுகுழலைக் கீழே வைக்காமல், "பொடி வச்சு ஊதறதுதானே" என்றார். நம்ம ஊர்ப் பற்றாசுப் பொடியும் அதே தத்துவம்தான்: உருகுநிலை குறைந்த கலவையைப் பொடியாக்கி, வெங்காரம் சேர்த்து, வேண்டிய இடத்தில் மட்டும் வைத்து, ஊதுகுழலால் தீயை அந்தப் புள்ளிக்கு மட்டும் செலுத்துவது. 'அவன் பொடி வச்சுப் பேசறான்' என்று நாம் சொல்வதும் இந்தப் பட்டறையிலிருந்து வந்ததுதான் என்று அவர் அடித்துச் சொல்கிறார். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்கு வெளிநாட்டுக்காரர் முறை முதலில் தெரிந்தது, பொடி அப்புறம்தான் தெரிந்தது. என்ன செய்ய.

தங்கம் கிரேக்கத்தில் ஹீரோ என்றேன். ரோமில் அந்த இடம் கல்லுக்கும் முத்துக்கும் போய்விட்டது. பணக்காரப் பெண்கள் ஒரு காதில் ரெண்டு மூணு முத்து தொங்கவிட்டார்கள். நடக்கும்போது அவை ஒன்றோடொன்று மோதி சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்கே அந்தக் காதணிக்கு 'குரொடாலியா' என்று பெயர், கையில் வைத்துத் தட்டும் சின்னத் தாளக் கட்டை என்று அர்த்தம். நம்ம ஜிமிக்கி மாதிரிதான், ஆட்டத்துக்கும் ஓசைக்கும் சேர்த்தே பெயர் வாங்கியது. எகிப்தில் ஃபாயூம் பகுதியில் கிடைத்த மம்மி ஓவியங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள். மரப்பலகையில் மெழுகு வண்ணத்தால் தீட்டிய, ரோமானியர் காலத்து நிஜ மனிதர்களின் முகங்கள். பல பெண்கள் காதில் ஒரு சின்னக் குறுக்குக் கம்பியும் அதிலிருந்து தொங்கும் முத்துகளும் இருக்கும். சில முகங்கள் சிதம்பரம் கீழவீதியில் பூ வாங்க நிற்கிறவங்க மாதிரியே இருக்கும், சத்தியமா.

கற்களில் நமக்குச் சம்பந்தப்பட்டது பெரில், கடல் தண்ணீர் நிறத்தில் இருக்கும் பச்சை நீலக் கல். இந்தியாவுக்கு வெளியே அது கிடைப்பது அபூர்வம் என்கிறார் பிளினி. காங்கேயம் பக்கம் படியூரில் கிடைக்கும், கொடுமணல் அகழாய்வில் அந்தக் கல் வேலை நடந்த தடயங்கள் இருக்கின்றன. இந்தியர்கள் நீளமான பெரிலைத் துளைத்து யானை முடியில் கோப்பார்கள் என்றும் எழுதுகிறார். கூடவே ஒரு புகார்: இந்தியர்கள் படிகக் கல்லுக்குச் சாயம் போட்டு போலி பெரில் செய்கிறார்களாம். டூப்ளிகேட் விற்றதற்கும் ரெக்கார்டு இருக்கு!

பெரிலின் கடினத்தன்மை மோஸ் அளவில் 7.5 முதல் 8 வரை. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7தான். அப்போ மணலைத் தூவி, செம்புக் குச்சியால் எத்தனை நாள் தேய்த்தாலும் துளை விழாது. என்ன செய்தார்கள்? கோரெலிக், க்வினெட் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பழைய மணிகளின் துளைக்குள் சிலிகோனை ஊற்றி அச்சு எடுத்து, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். துளைச் சுவரில் ஒழுங்கான வட்டக் கோடுகள்! நுனியில் வைரத் துணுக்கு பதித்த துளைப்பான் போட்ட கோடுகள் அவை. குஜராத்தின் கம்பாத் ஊர் மணிக் கைவினைஞர்கள் ரெண்டு வைரச் சில்லு பதித்த கம்பியை வில்லால் சுழற்றித் துளையிடுவதைப் பார்த்துத்தான் அவர்களுக்கு ஒப்பிட ஆதாரம் கிடைத்தது. நம்ம மெஷின் ஷாப்பில் டைமண்ட் டூல் என்று தனியாகப் பூட்டி வைத்திருப்பார்களே, அதே ஐடியா.

மணிக்கொல்லையின் கண்ணாடி மணி வேறு கதை, அதையும் சொல்லிவிடுகிறேன். உருகிய கண்ணாடிக் குழம்பின் நடுவே காற்று வழி விட்டு, நீண்ட குழாயாக இழுக்க வேண்டும். ஆறியதும் குச்சி குச்சியாக ஒடித்து, கடுகு, மிளகு அளவுக்கு நறுக்கி, சாம்பலோடு சேர்த்து வறுத்தால் கூர் முனை மழுங்கி மணியாகிவிடும். துளை தானாகவே வந்துவிடும், டிரில்லே வேண்டாம். ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் செய்யலாம். இந்த முறையைக் காலம் கடந்தும் கைவிடாத ஊர் ஆந்திராவில், திருப்பதி பக்கம் இருக்கும் பாப்பாநாயுடுபேட்டை. இந்த மணிகள் அதிகம் போனது கிழக்கே, தென்கிழக்காசியா முழுக்க. மேற்கே செங்கடல் துறைமுகமான பெரெனிகே வரைக்கும் போயிருக்கின்றன. லோலியாவின் காதுக்கு இவை போயிருக்காது, ஏழை வீட்டுக் காதுக்குப் போயிருக்கும். ஆடிப்பெருக்கன்று கொள்ளிடத்துக்குப் போய் ஆற்றில் விடுகிறோமே, காதோலை கருகமணி, அந்தக் கருகமணியைக் கையில் எடுத்து ஒரு தடவை உற்றுப் பாருங்கள்.

காதோலையும் சும்மா இல்லை. ரோமானியக் காதுக்கும் நம்ம காதுக்கும் உள்ள பெரிய வித்தியாசமே அதில் இருக்கிறது. அவர்களுடையது மெல்லிய கம்பிக்கான சின்ன ஓட்டை, எடை முழுக்கக் கீழே தொங்கும். நம்மவர்கள் பனை ஓலையைச் சுருட்டி ஓட்டையில் வைத்தார்கள். சுருள் விரிய விரிய ஓட்டை பெரிதாகும். தோடு என்ற சொல்லுக்கே ஓலை என்றும் ஒரு பொருள் உண்டு. பிறகு அதே வடிவம் தங்கத்தில் வந்தது. மதுரை, நெல்லைப் பக்கத்துப் பாட்டிகளின் பாம்படம், தண்டட்டி எல்லாம் பார்க்க அரைக் கிலோ மாதிரி தெரியும், உள்ளே அரக்கு, மேலே மெல்லிய தங்கத் தகடு. சிங்கத் தலைக் காதணியையும் கிரேக்கன் உள்ளே கூடாகத்தான் செய்தான். காது மடல் தாங்குகிற எடைக்கு ஒரு எல்லை உண்டு, தங்கம் விலையும் அதிகம், ரெண்டு ஊர்ப் பொற்கொல்லரும் ஒரே டிசைனுக்கு வந்துவிட்டார்கள்.

சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனிகளைப் பார்க்கும்போது காதைப் பாருங்க. வலக் காதில் ஆண்கள் அணியும் மகர குண்டலம், இடக் காதில் பெண்கள் அணியும் தோடு. உடம்பில் பாதி உமையவள் என்பதைச் சொல்ல ஒரு காதணி போதுமாக இருந்திருக்கிறது. இங்கிருந்து இருபது கிலோமீட்டர் தூரத்துச் சீர்காழியில் பிறந்த சம்பந்தரின் முதல் பதிகம் தொடங்குகிற சொல்லே 'தோடு'தான். அது அம்மனுடைய தோடு என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. இந்தப் பொருள் யாருடையது என்பதுதான் இனி நம்ம கேள்வி.

முத்திலிருந்து தொடங்குவோம். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமியின் கையேடு ஒன்று உண்டு, 'எரித்ரியக் கடலின் பெரிப்ளஸ்'. பாண்டிய நாட்டுக் கொற்கையில் முத்துக் குளிக்கத் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்று அதில் ஒரே வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறது. மூச்சடக்கி மூழ்கியவன் கைதி, விலைக்கு விற்றவன் வணிகன், வரி எடுத்தவர்கள் அரசர்கள். ரோமப் பேரரசின் எல்லையில் இந்தியச் சரக்குக்கு 25 சதவீதம் சுங்கம். இத்தனை கை மாறி அது ஒரு பெண்ணின் காதுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எழுத்தாளர்களுக்குக் கோபம் வருகிறது. ஒவ்வொரு காதிலும் ரெண்டு மூணு பரம்பரைச் சொத்து தொங்குகிறது என்கிற மாதிரி தத்துவஞானி செனிகாவும் திட்டினார். அரண்மனைகளும் ரதங்களும் வைத்திருந்த ஆண்களின் செலவு இவ்வளவு வாங்கிக் கட்டிக்கொள்ளவில்லை. இது என் அபிப்பிராயம், சண்டைக்கு வருவதானால் கேன்டீனுக்கு வரவும்.

கோபம் சட்டமாகவும் ஆனது. கி.மு. 216-ல் ஹானிபாலிடம் ரோம் படுதோல்வி அடைந்தது. அடுத்த வருஷம் ஓப்பியஸ் சட்டம் வந்தது: எந்தப் பெண்ணும் அரை அவுன்ஸுக்கு மேல் தங்கம் வைத்திருக்கக் கூடாது. ரோமானிய அரை அவுன்ஸ் என்பது சுமார் 13.6 கிராம், நம்ம கணக்கில் 1.7 பவுன். பல வண்ண உடை கூடாது, நகருக்குள் வண்டியில் போகக் கூடாது. போர் முடிந்தும் சட்டம் மட்டும் போகவில்லை. கி.மு. 195-ல் அதை ரத்து செய்யலாமா என்று விவாதம் வந்தபோது பெண்கள் தெருவில் இறங்கி, மன்றத்துக்குப் போகும் வழியெல்லாம் நின்று, போகிற வருகிற ஆண்களிடமெல்லாம் கேட்டார்கள். கேட்டோ என்ற பெரிய மனிதர், பெண்களை வீட்டில் அடக்கி வைத்திருந்தால் இந்த நிலை வருமா என்று பேசியதாக லிவி எழுதுகிறார். சட்டம் ரத்தானது.

இதைப் படித்துவிட்டு "அந்தக் காலம் அப்படி" என்று சொல்லாதீர்கள். 1962 சீனப் போருக்குப் பிறகு, 1963 ஜனவரியில் இந்தியாவில் 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யவே தடை வந்தது. 1968-ல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம். ரத்தானது 1990-ல். ஆசாரி தாத்தா அந்த 14 காரட் காலத்தில் சின்னப் பையன். அப்பா பட்டறையை மூடிவிட்டு மூட்டை தூக்கப் போனார் என்று மட்டும் சொன்னார், மேலே கேட்கவில்லை. போர் வந்தால் ரெண்டு அரசுகளுக்கும் முதலில் கண்ணில் பட்டது பெண்கள் கழுத்தும் காதும்.

ஏன் அந்தக் காதுக்கு இவ்வளவு மவுசு? அது அவள் பெயரில் இருந்த சொத்து, அதனால்தான். நிலம், வீடு, அடிமை எல்லாவற்றையும் ஆண்கள் நிர்வகித்த இடத்தில், கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பக்கூடியது இது ஒன்றுதான். ரோமானியர் காலத்து எகிப்தின் பாபிரஸ் திருமண ஒப்பந்தங்களில் மணமகள் கொண்டுவரும் நகைகளைப் பட்டியல் போட்டிருப்பார்கள். காதணி ஒரு ஜோடி, தங்க எடை இவ்வளவு. பிரிந்தால் திருப்பித் தர வேண்டிய கணக்கு அது. என் பர்ஸில் இருக்கிற ரசீதில் உள்ள அதே வரி! ரோமானியச் சட்டத் தொகுப்பான டைஜெஸ்டிலும் 'பெண்ணின் அணிகலன்' என்றால் எவை எவை என்று உல்பியன் வரிசையாகச் சொல்லும்போது முதலில் வருவது காதணி. உயிலில் யாருக்கு என்ன போகும் என்று தகராறு வராமல் இருக்க அந்த விளக்கம். நம்ம நாட்டில் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ம் பிரிவு பெண்ணின் சொத்து முழுக்க அவளுடையது என்கிறது. சீதனம் மனைவிக்கே சொந்தம், கணவன் வீட்டார் வெறுமனே வைத்திருப்பவர்கள்தான் என்று 1985-ல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அண்ணன், தம்பி கல்யாணத்தில் மைக் பிடிக்கிற தோழர்கள் இந்த வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பில்லோடு வந்த லோலியா என்ன ஆனாள்? அவள் நகையெல்லாம் தாத்தா மார்கஸ் லோலியஸ் கிழக்கு மாகாணங்களில் சுருட்டியதிலிருந்து வந்தது என்று பிளினியே சொல்கிறார். அதனால் அவளை ரொம்பவும் பாவம் என்று சொல்லிவிட முடியாது. கலிகுலா அவளைக் கல்யாணம் செய்து சீக்கிரமே விலக்கிவிட்டான். பிறகு பேரரசர் கிளாடியஸுக்குப் பெண் பார்த்தபோது அவள் பெயரும் அடிபட்டது. ஜெயித்தது அக்ரிப்பினா. கி.பி. 49-ல் அக்ரிப்பினாவின் ஏற்பாட்டில், சோதிடர்களிடம் குறி கேட்டாள் என்று லோலியா மேல் குற்றச்சாட்டு. சொத்து பறிமுதல், நாடு கடத்தல். அத்தனை செல்வத்தில் 50 லட்சம் செஸ்டர்ஸ் மட்டும் விட்டு வைத்தார்கள், கொஞ்ச நாளில் தற்கொலை செய்துகொள்ளச் சொல்லி ஓர் அதிகாரியை அனுப்பினார்கள். பில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

இந்தக் கதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். முத்து, மரகதம், 4 கோடி எதற்கும் நிமிரவில்லை. கடைசியில்தான் நிமிர்ந்தார்.

"பில்லு வச்சிருந்துமா புடுங்கிக்கிட்டாங்க?"

"ஆமாம்மா."

"அதான் எங்கம்மா என் தோட்டைப் பத்தி யார்கிட்டயும் எடை சொல்லாதன்னுச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "நீ அந்த ரசீதை பர்ஸுல மடிச்சு மடிச்சு வைக்காத. மடிப்புல எழுத்து அழிஞ்சிடும். என் பீரோவுல, ரேஷன் கார்டு கவர்ல வை" என்றார்.

அவர் காதில் ஈர்க்குச்சி போய் இப்போது கவரிங் கம்மல் வந்திருக்கிறது, திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் நூற்றிருபது ரூபாய். மீட்க வேண்டிய தேதி ஜூன் 30. கேம்பஸ் இன்டர்வியூ ரிசல்ட் அதற்குள் வந்துவிடும் என்கிறார்கள். ரசீதை பீரோவில் வைத்துவிட்டேன், அதற்கு முன் போட்டோ எடுத்துக்கொண்டேன். அதில் 6.300 மட்டும் தெளிவாகத் தெரிகிறது.